மர டென்னிஸ் பேட்டை ஹார்ட் கோர்ட்டில் ஆடலாமா? தலைப்பகுதி தேயாமல் காப்பது எப்படி?

நொய்யல்காரன் (கோவை)

எங்கள் அப்பாரு ஆடிய மூன்று பேட்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. இரண்டு டன்லப் மாக்ஸ்பிளை ஃபோர்ட், ஒன்று ஸ்லாசெஞ்சர். மாக்ஸ்பிளை இரண்டையும் சமையல் மேடை கிரானைட் மேல் படுக்க வைத்துப் பார்த்தேன், முறுக்கல் இல்லை. ஸ்டிரிங் போட்டால் ஆடலாம் போலிருக்கிறது.

நாங்கள் ஆடுவது பீளமேடு பக்கம் ஒரு ஹார்ட் கோர்ட்டில். சிமென்ட் மேல் நீலப் பெயின்ட் அடித்தது. ஒரு பேட்டின் உச்சியில் ஏற்கெனவே தீப்பெட்டி நீளத்துக்கு வார்னிஷ் போய் மரம் தெரிகிறது. இதோடு ஆடினால் இன்னும் தேயும். டேப் ஒட்டலாமா, வார்னிஷ் அடிக்கலாமா, இல்லை ஆடவே கூடாதா? வீட்டில் ஆணி அடித்து மாட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_படிப்பவன்

கரண்ட் வேலைக்குப் போடும் கறுப்பு டேப்பை உச்சியில் ரெண்டு சுத்து சுத்துங்க. வேலை முடிந்தது.

ஆனைமலைக்காத்து (பொள்ளாச்சி)

ஆடுங்க தம்பி. மர பேட் ஷோகேஸில் வைக்கச் செய்த சாமான் இல்லை. 1981 விம்பிள்டன் இறுதியில் மெக்கன்ரோ போர்க்கை ஜெயித்தது மாக்ஸ்பிளையை வைத்துத்தான். நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் அங்கே அரையிறுதி வரை போனதும் மர பேட்டோடுதான். ஆனால் அதெல்லாம் புல் தரை. அதை மறந்துவிடக் கூடாது.

நாங்கள் ஆடின காலத்தில் இந்தப் பக்கம் எல்லாம் செம்மண் கோர்ட். சில இடத்தில் சாணி போட்டு மெழுகிய கோர்ட் கூட உண்டு. பேட் தரையில் பட்டால் மண் கொஞ்சம் பெயருமே தவிர பேட்டுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் சொல்லும் நீலப் பெயின்ட்டில் சிலிக்கா மணல் கலந்திருக்கும். கால் வழுக்காமல் இருக்கவும், பந்து வேகத்தை மட்டுப்படுத்தவும் அதைச் சேர்ப்பார்கள். நீங்கள் ஆடுவது உப்புத்தாள் மேலே என்று வைத்துக்கொள்ளுங்க.

டேப், வார்னிஷ் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் கூட ஆடுபவர்கள் பந்து பொறுக்குவதைக் கவனித்துப் பாருங்க. ஷூவுக்கும் பேட்டுக்கும் நடுவில் பந்தை நெருக்கி, காலை மடக்கி மேலே தூக்குவார்கள். அப்போது பேட்டின் உச்சி தரையில் தேய்த்துக்கொண்டே வரும். இன்னும் சிலர் கிடக்கிற பந்தைப் பேட்டால் தட்டித் தட்டி எழுப்புவார்கள். அதிலும் முதலில் தரையில் படுவது உச்சிதான். ஒரு ஆட்டத்தில் இது எத்தனை தடவை நடக்கும் என்று யோசித்துப் பாருங்க. கார்பன் பேட்டில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பம்பர் இருக்கும், தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம். மரத்தில் அங்கே மெல்லிய வார்னிஷ் மட்டும்தான். அதை ஒட்டியே ஸ்டிரிங் ஓடும் பள்ளம். மர பேட்டின் தலை தேய்வதில் பாதிக்கு மேல் ஆட்டத்தில் நடப்பதில்லை, பந்து பொறுக்குவதில்தான் நடக்கிறது. இது என் திடமான அபிப்பிராயம்.

குனிந்து கையால் எடுங்க. தாழ்ந்து வரும் பந்துக்கு முட்டியை மடக்கிப் போங்க. மணிக்கட்டை மட்டும் தொங்கவிட்டு அள்ளினால் உச்சி உரசத்தான் செய்யும். பாயின்ட் தோற்ற கடுப்பில் தரையில் தட்டுகிற பழக்கம் இருந்தால் அதைக் கார்பன் பேட்டோடு வைத்துக்கொள்ளுங்க.

மரவேலை_ஈரோடு

கறுப்பு டேப் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஈரோட்டு வெயிலில் ஒரு கோடை கிடந்தால் அந்தப் பசை பாகாக உருகி வார்னிஷுக்குள் இறங்கிவிடும். பிறகு டேப்பை உரிக்கும்போது பழைய வார்னிஷும் கூடவே வரும். பேட்டின் தோளிலும் கழுத்திலும் உள்ள எழுத்து, பட்டை எல்லாம் டிரான்ஸ்ஃபர், அதாவது மேலே ஒட்டி எடுத்த மெல்லிய படம். மேலே உள்ள வார்னிஷ்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் எந்தப் பசை டேப்பும் கூடாது.

தேய்ந்தால் மரம் கொஞ்சம் போகும், அவ்வளவுதானே என்று நினைக்கக் கூடாது. இந்தச் சட்டம் ஒரே கட்டையில் கடைந்தது இல்லை. ஆஷ், பீச் மாதிரி மரங்களை மெல்லிய பட்டைகளாக அறுத்து, அச்சில் வளைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியது. உச்சியில் பக்கவாட்டில் பாருங்கள், கோடு கோடாகத் தெரியும். வார்னிஷ் போன இடத்தில் அந்தக் கோடுகள் திறந்து கிடக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதும், மாசி பங்குனியில் காய்ந்து சுருங்கும். பட்டைக்குப் பட்டை ஊதும் அளவு வேறு. அதில்தான் ஒட்டு விடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பேட் என்றால் இன்னும் மோசம். அதில் ஆசாரிகள் காய்ச்சி ஒட்டும் வஜ்ஜிரம் மாதிரியான பசைதான் இருக்கும், ஈரத்துக்கும் சூட்டுக்கும் நிற்காது. உங்கள் மாக்ஸ்பிளை அதற்குப் பிந்தியது என்றால் ரெசின் பசையாக இருக்கும், கொஞ்சம் தாங்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேய்ந்த இடத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே நகம் சிக்கினால் ஒட்டு விட ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் மெதுவாக இறுகும் அரால்டைட்டை லேசாகச் சூடுகாட்டி இளக்கி, பிளேடு நுனியால் உள்ளே தள்ளி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். டியூபுக்கு அடியில் பாலித்தீன் தாள் வையுங்கள், இல்லாவிட்டால் டியூபும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

நகம் சிக்கவில்லை என்றால் பூச்சு மட்டும் போதும். எந்தப் பூச்சு என்பதற்கு ஒரு சோதனை. பிடியின் தோலுக்கு அடியில் மறைவாக ஒரு இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் பழைய அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்து வார்னிஷ். எதுவாக இருந்தாலும், மெழுகு நீக்கிய அரக்கை மெல்லியதாக ஒரு கை தடவிக் காயவிட்டு, அதன் மேல் பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு மூன்று கை அடிக்கலாம். தேய்ந்த இடத்துக்கு மட்டும். முழு பேட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் பேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டாம். அவை காயாது, தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும், அது வேறு ரகம். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறம் போடுங்கள்.

நொய்யல்காரன் (கோவை)

நன்றிங்க. நகம் சிக்கவில்லை, நிம்மதி. பந்து பொறுக்கும் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நேற்று ஆட்களைக் கவனித்தேன், எல்லாருமே அப்படித்தான் எடுக்கிறோம்.

இன்னொரு கேள்வி. ஸ்லாசெஞ்சரின் கழுத்தருகே குண்டூசி குத்தினாற்போல் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. தட்டினால் மாவு மாதிரி கொட்டுகிறது. கறையானா?

காங்கயம்_அம்மணி

கறையான் இல்லைங்க, உளு. கறையான் மண் பாதை கட்டிக்கொண்டு வரும். இது மரத்துக்குள்ளேயே வளர்ந்து, வண்டாகி, ஓட்டை போட்டு வெளியே போகும். ஆஷ் மரத்தில் பெரிய துளைகள் இருக்கும், முட்டையிட அதற்கு வசதி.

ஓட்டை பழசா புதுசா என்று முதலில் பாருங்கள். உள்பக்கம் வெளுப்பாக இருந்தால் புதுசு, அழுக்கேறிக் கறுத்திருந்தால் வெகுநாள் முன்பே நடந்தது. பேட்டைத் தட்டித் துடைத்துவிட்டு ஒரு கறுப்புத் தாள் மேல் சில வாரம் வைத்துப் பாருங்கள். மறுபடி மாவு விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். அதுவரை மற்ற இரண்டு பேட்டுகளோடும் வீட்டு மர சாமான்களோடும் சேர்க்காதீர்கள். அருங்காட்சியகங்களில் உறைகுளிரில் வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். என் வீட்டு ஃப்ரீசரில் பேட் நுழைவதில்லை. அதனால் நான் பூச்சி மருந்தை ஊசி போட்டு ஓட்டை ஓட்டையாக விட்டு, மெழுகால் அடைப்பேன். மேலே தெளித்தால் வார்னிஷைத் தாண்டி உள்ளே போகாது.

அந்த பேட்டுக்கு ஸ்டிரிங் போட வேண்டாம். கழுத்தில் உளுத்தது ஆட்டத்தில் முறியும். வீட்டில் சொன்ன ஆணி இதற்குத்தான்.

ஸ்டிரிங்_மாமா (திருப்பூர்)

எல்லாரும் வெளிப்புறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மர பேட்டை உடைப்பது தரையை விட ஸ்டிரிங்தான். தலை சின்னது, 65 முதல் 70 சதுர அங்குலம். இப்போதைய பேட் 100. சின்னத் தலையில் குறைந்த இழுவையிலேயே விறைப்பாகத் தெரியும். என் கணக்கு 45 முதல் 50 பவுண்டு. பாலியெஸ்டர் போடவே கூடாது. இயற்கைக் கட் (விலங்குக் குடலில் செய்த ஸ்டிரிங்), இல்லாவிட்டால் மெல்லிய இழைகள் பல சேர்ந்த, மெத்தென்ற மல்டிஃபிலமென்ட்.

மெஷினில் சட்டத்தைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள். இரண்டே இடத்தில் பிடிக்கும் மெஷினில் நெடுக்கு ஸ்டிரிங்குகளை இழுக்கும்போதே தலை நசுங்கிப்போகும். குறுக்கே போடுவதை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் போடச் சொல்லுங்கள்.

கோர்ட்டில் நடக்கும் பெரிய சேதம் ஒன்றை இங்கே யாரும் சொல்லவில்லை. மர பேட்டில் பெரும்பாலும் ஸ்டிரிங் துளைக்குள் போடும் பிளாஸ்டிக் உறை, அதாவது கிரோமெட், கிடையாது. ஸ்டிரிங் நேரடியாக மரத் துளையில் போய் உச்சிப் பள்ளத்தில் படுத்திருக்கும். பள்ளத்தின் கரை தேய்ந்துவிட்டால் அடுத்து தரையில் உரசுவது ஸ்டிரிங். ஆட்டத்தின் நடுவே பட்டென்று அறும். அறுந்ததும் பலரும் பேட்டைப் பையில் போட்டுவிட்டு வேறு எடுத்து ஆடுவார்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்படி விடக் கூடாது. ஒரு பக்கம் இழுவை போய், மறுபக்கம் முழு பலத்தோடு சட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மரம் அந்தப் பக்கமே கோணிவிடும். பையில் சின்னக் கத்தரி வைத்திருங்கள். அறுந்த உடனே நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி மீதியையும் வெட்டிவிடுங்கள்.

ஆனைமலைக்காத்து (பொள்ளாச்சி)

மாமா, 45 என்பது ரொம்பத் தளர்வு. 55 இல்லாமல் பந்து சொன்ன இடத்துக்குப் போகாது. போர்க் 80 பவுண்டுக்குப் போட்டு ஆடினவர்.

ஸ்டிரிங்_மாமா (திருப்பூர்)

ஐயா, போர்க்குக்கு பேட் புதுசு. உடைந்தால் கம்பெனி அடுத்ததைக் கொடுக்கும். இது ஐம்பது வருஷம் கிடந்த மரம். முதல் தடவை 45-க்குப் போட்டு, தலையின் நீள அகலத்தை முன்னும் பின்னும் அளந்து பார்க்கட்டும். மாறவில்லை என்றால் அடுத்த தடவை இரண்டு பவுண்டு கூட்டட்டும். உங்கள் 55-க்கு நான் பொறுப்பில்லைங்க.

ஆனைமலைக்காத்து (பொள்ளாச்சி)

அளந்து பார்ப்பது சரி. மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வைண்டிங்_கடை (சிங்காநல்லூர்)

டென்னிஸ் எனக்குத் தெரியாது. மோட்டார் வைண்டிங் தெரியும். நாங்கள் காயிலை (மோட்டாரின் கம்பிச் சுருளை) கட்ட பருத்தி நாடா வைத்திருப்போம், காட்டன் டேப் என்று கேட்டால் கோவையில் எந்த வைண்டிங் சாமான் கடையிலும் சுருளாகக் கிடைக்கும். பசை கிடையாது, நெசவு நெருக்கம், இழுத்தால் நெகிழாது. அதை உச்சியில் ஸ்டிரிங்குகளுக்கு நடுவே விட்டு விட்டுச் சுற்றலாமே? காயிலில் செய்வது போல ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். கடைசி முனையை ஊசி நூலால் தைத்துவிட்டால் போதும். தேய்ந்தால் வெட்டி எறிந்துவிட்டு வேறு சுற்றிக்கொள்ளலாம். மரத்தில் எதுவும் ஒட்டாது.

மரவேலை_ஈரோடு

இது நல்ல யோசனை. பழைய பேட்டுகளின் தோளிலும் நூல் சுற்றியிருப்பார்கள், அது அங்கே ஒட்டு பிரியாமல் இறுக்கிப் பிடிக்க. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒன்று, நாடா ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைத் தண்ணி நின்ற கோர்ட்டில் ஆடினால் அன்றைக்கே அவிழ்த்துவிட வேண்டும். இரண்டு, அடியில் மரம் வெறுமையாக இருக்கக் கூடாது. வார்னிஷ் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் நாடா. அவசரப்பட்டுச் சுற்றினால் நெசவு அப்படியே வார்னிஷில் பதிந்துவிடும்.

நாடா மேல் வைண்டிங் வார்னிஷ் அடிக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். கூடாது. அடித்தால் மரத்தோடு சேர்ந்து இறுகிவிடும், பிறகு அவிழ்க்க முடியாது.

ஸ்டிரிங்_மாமா (திருப்பூர்)

எடையையும் பாருங்க. மர பேட் ஏற்கெனவே 370 முதல் 400 கிராம். உச்சியில் கூடும் ஒவ்வொரு கிராமும் முழங்கையில் தெரியும். மெல்லிய நாடாவாக, தரையில் படும் இடத்துக்கு மட்டும் சுற்றுங்கள். கடிகாரத்தில் பதினொன்றிலிருந்து ஒன்று வரை போதும்.

சும்மா_படிப்பவன்

என் கறுப்பு டேப்பை இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் 🙂 பிரஸ் பற்றி யாரும் பேசவில்லையே? நாலு மூலையிலும் திருகு வைத்த மரச் சட்டம், அது தேவையா?

காங்கயம்_அம்மணி

ஸ்டிரிங் போட்ட மர பேட்டுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் அது செய்வது ஒரு வேலைதான், சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் பிடிக்கும். தலை சுருங்குவதை அது தடுக்காது. விங் நட்டுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலும் ஒரே அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமானால் பிரஸ்ஸே முறுக்கிவிடும். பழசு கிடைக்காவிட்டால் ஆசாரியிடம் அளவு கொடுத்துச் செய்யலாம். காய்ந்த தேக்குக் கட்டையாக இருக்கட்டும். பச்சைக் கட்டையில் செய்தால் அது வளையும்போது பேட்டையும் சேர்த்து வளைக்கும்.

பைக்கு நான் காடாத் துணியில் உள்ளுறை, மேலே பவானி ஜமக்காளம் வைத்துத் தைத்திருக்கிறேன். துணி மூச்சு விடும், பாலித்தீன் பையில் வியர்வை ஈரம் அடைந்து கிடக்கும். ஆடி முடித்ததும் பனியன் வேஸ்ட்டால் ஒரு துடை. உச்சிப் பள்ளத்தில் சிக்கிய மணலைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள், அந்த மணல்தான் ஸ்டிரிங்கை உள்ளிருந்தே அறுக்கும்.

கார் டிக்கியில் மட்டும் விடாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்த பேட் கோர்ட்டில் அடிபட்டதை விட அதிகமாகக் கெட்டுப்போகும். பேட்டைச் சாய்த்தும் வைக்க வேண்டாம். கோர்ட் வேலியில் சாய்த்தது காற்றுக்குச் சரிந்து கைப்பிடி முனையில் விழும். நம்ம ஊர் ஆடிக் காற்று தெரியுமல்லவா.

ஆனைமலைக்காத்து (பொள்ளாச்சி)

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். இந்த நாட்டில் செய்த பழைய டென்னிஸ் பேட்டுகளிலும் ஹாக்கி மட்டைகளிலும் முசுக்கொட்டை மரம் உண்டு. வளையும், அதிர்ச்சி தாங்கும். நம்ம உடுமலை பக்கம் காடு காடாக முசுக்கொட்டை இருக்கிறது, ஆனால் எல்லாம் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்க வெட்டி வெட்டிச் செடியாகவே வைத்திருப்பது. அடிமரம் பருக்க விடுவதில்லை. ஜலந்தர், மீரட் பக்கம் பேட் செய்தார்கள், நாம் சேலைக்கு நூல் எடுத்தோம்.

மரத்தை அடையாளம் காண ஆசை இருந்தால், கோவையில் வனக் கல்லூரி வளாகத்தில் உள்ள கேஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்க.

நொய்யல்காரன் (கோவை)

எல்லாருக்கும் நன்றி. ஸ்லாசெஞ்சரைத் தனி அறையில் கறுப்புத் தாள் மேல் வைத்திருக்கிறேன், இதுவரை மாவு விழவில்லை. தேய்ந்த மாக்ஸ்பிளையில் ஸ்பிரிட் சோதனை செய்தேன், அசையவில்லை, தின்னருக்கு லேசாக இளகியது. அரக்கு ஒரு கை, வார்னிஷ் மூன்று கை அடித்தாயிற்று. இன்னும் காய விட்டிருக்கிறேன். ஸ்டிரிங் 46-க்குப் போடச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு ஒன்று கூட, ஐயாவுக்கு ஒன்பது குறைவு.

காட்டன் டேப் வாங்கினேன். முக்கால் அங்குலம் கொடுத்தார்கள். உச்சியில் ஸ்டிரிங்குகளுக்கு நடுவே அது மடங்கி மடங்கி நுழைகிறது. மெல்லிசு கிடைக்குமா? அப்புறம் எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

வைண்டிங்_கடை (சிங்காநல்லூர்)

அரை அங்குலம் கேளுங்க, இருக்கும். முக்கால் அங்குலம் பெரிய மோட்டாருக்கு. ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே போக்கில் போங்க, நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் பிரிக்க வேண்டாம். பேட் முதலில் எந்த ஓரம் தரையில் உரசுமோ, தொடங்கும் முனை அந்தப் பக்கம் வரக் கூடாது. உரசும் திசைக்கு எதிராக மடிப்பு திறந்திருந்தால் ரெண்டே ஆட்டத்தில் பிரிந்துவிடும்.

நொய்யல்காரன் (கோவை)

நான் வலது கை. தாழ்ந்த பந்தில் எந்த ஓரம் முதலில் உரசுகிறது என்று தேய்ந்த தடத்தை வைத்தே தெரிகிறது, மத்தியிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. ஆனால் அப்பாரு இடது கை. அந்தத் தடம் அவருடையது. பேட்டைத் திருப்பிப் பிடித்தால் கணக்கு மாறுகிறதே?

ஸ்டிரிங்_மாமா (திருப்பூர்)

சுண்ணாம்புக் கட்டியை உச்சியில் தடவிக்கொண்டு நீங்கள் நாலு பந்து தாழ்வாக எடுங்க. எங்கே அழிகிறதோ அதுதான் உங்கள் ஓரம். அதன் பிறகு கைப்பிடி முனையில் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடியுங்க.